பீப்பாயில் மிதந்த எலுமிச்சம்பழம்

காலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஓர் எலுமிச்சம்பழம். இரும்புப் பீப்பாய் ஒன்றில் மிதந்துகொண்டிருந்தது. அதன் மேல் வைத்த குங்குமம் கரைந்து, ஒரு பக்கம் மட்டும் சிவப்பு மிச்சம் இருந்தது.

அன்று விஜயதசமி. இடம், நீலசந்திராவில் ஏழுமலையின் கொல்லுப் பட்டறை. உள்ளே வேண்டுமென்றே இருட்டாக வைத்திருந்தார். காய்ந்த இரும்பின் நிறம் வெளிச்சத்தில் ஏமாற்றும் என்று ஜன்னலில் சாக்கு தொங்கியது. நான் வாசலை ஒட்டி, கவிழ்த்த மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். மடியில் நோட்டுப் புத்தகம். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தேன், எழுதவில்லை. முந்தின நாளே எழுதியாகிவிட்டது.

ஏழுமலை ஒரு கையால் துருத்திச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, மறு கையால் இடுக்கியை உலைக்குள் விட்டார். வெளியே வந்தது ஒரு பெரிய கத்திரிக்கோலின் இடது பாதி. கோவைப்பழச் சிவப்பு. அந்தச் சிவப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே திரும்பி, பீப்பாய்க்குள் செங்குத்தாக இறக்கினார்.

பீப்பாய் அலறியது. ஆவி கூரைத் தகரம் வரை எழுந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவில் தனியாக ஒரு சத்தம். டிக். நகம் ஒடிந்த மாதிரி. ஒரே ஒரு முறை.

ஆவி அடங்கும்வரை ஏழுமலை அசையவில்லை. பிறகு சாக்கை விலக்கி, பாதியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஆணித் துளையிலிருந்து முதுகுவரை மயிரிழை போல ஒரு கோடு ஓடியிருந்தது.

"எண்ணெ எங்க சார்?" என்று என்னைக் கேட்டார்.

பீப்பாயில் எண்ணெய் இருந்திருக்க வேண்டும். இருந்தது தண்ணீர். அந்த ரக எஃகைச் சிவப்போடு தண்ணீரில் விட்டால் வெடிக்கும். எண்ணெயில் விட்டால் சற்று நிதானமாக ஆறிக் கெட்டிப்படும். மூன்று நாள் முன்பு வலது பாதியை அதே பீப்பாயில் விட்டபோது அலறல் இல்லை, புகை மட்டும்தான். அதையும் பக்கத்தில் இருந்து பார்த்திருந்தேன்.

அன்று மாலை நாலரை மணிக்கு அந்தக் கத்திரிக்கோலால் ஒரு மந்திரி ரிப்பன் வெட்ட வேண்டும்.

மூடினால் ஒரே பறவை

நான் உதவி ஆசிரியராக இருந்த தினசரியின் பழைய கட்டடத்தைப் பற்றி இந்தத் தொடரில் எழுதியிருக்கிறேன். மழை வந்தால் அச்சுக்கோப்பவர்கள் குடை பிடித்துக்கொண்டு வேலை செய்த கட்டடம். ஐம்பதுகளின் நடுவில் கண்டோன்மெண்ட் பக்கம் புதுக் கட்டடம் எழும்பியது. திறப்பு விழா விஜயதசமி அன்று என்று முடிவானது.

மேனேஜர் சேஷாத்ரிக்கு ஒரு யோசனை வந்தது. ரிப்பன் வெட்டும் கத்திரிக்கோல் கையால் அடித்ததாக இருக்க வேண்டும். "கடைக் கத்திரியால வெட்டினா தையல் கடை தொறந்தாப்ல இருக்கும்" என்றார்.

வடிவமும் அவரே வரைந்து கொடுத்தார். கண்டபேருண்டம், மைசூர் அரசின் இரட்டைத் தலைப் பறவை. பதினான்கு அங்குல நீளம். விரல் நுழைக்கும் இரண்டு வளையங்களும் இரண்டு சிறகுகள். ஒவ்வொரு சிறகுக்கு மேலும் வெளிப்பக்கம் பார்க்கும் ஒரு தலை. திறந்தால் தனித்தனியாக இரண்டு பறவைகள். மூடினால் இரண்டு தலையுள்ள ஒரே பறவை.

ஏழுமலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. அவர் கண்டோன்மெண்டில் ராணுவ வண்டிகளைப் பழுது பார்க்கும் கொட்டகையில் இருந்தவர். வெள்ளைக்காரர்கள் போனபின் கொட்டகை சுருங்கியது, இவரை அனுப்பிவிட்டார்கள். அதன்பின் கடப்பாறை முனை, கதவுக் கீல், மாட்டு வண்டிப் பட்டை. எங்கள் அச்சகத்தில் இரண்டாவது மெக்கானிக் இடம் காலியாக இருந்தது. அதற்கு எழுதிப் போட்டிருந்தார்.

"கத்திரி சரியா வந்தா வேலை" என்றார் சேஷாத்ரி. "கோணலா வந்தா கடப்பாறையே அடிச்சுண்டு இருக்கட்டும்."

பிறகு என்னைக் கூப்பிட்டார். பத்து நாள் தினமும் பட்டறைக்குப் போய் உட்கார வேண்டும். "பாத்ததை எழுது. நெனச்சதை எழுதாதே. கொத்தாயித்தா?" புரிந்ததா என்பதை மட்டும் அவர் எப்போதும் கன்னடத்தில்தான் கேட்பார். மூன்று தலைமுறைக்கு முன்னால் மைசூர் சர்க்கார் வேலைக்கு வந்த குடும்பம்.

அவருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. எங்களுக்குத் தரும் நோட்டுப் புத்தகங்களில் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் தன் கையால் எண் போட்டுத் தருவார். நிரம்பியதும் திரும்ப வாங்கி, எண்ணிப் பார்த்து அலமாரியில் வைப்பார். தலைமை உதவி ஆசிரியர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விதியும் அதுதான்: எழுதியதை அடிக்கலாம், கிழிக்கக் கூடாது.

ஏழுமலை முதல் நாளே நோட்டைக் கவனித்தார். "போலீஸ்ல கூட இவ்ளோ எழுத மாட்டாங்க சார்" என்றார். அதற்குப்பின் நான் இருக்கும்போது அவர் முதுகைக் காட்டியே வேலை செய்தார்.

நேற்று வந்தவர்கள்

ஆறே கால். ஏழுமலை விரிசல் விட்ட பாதியை, இரும்பை வைத்து அடிக்கும் பட்டடை மேல் வைத்துவிட்டு என் எதிரில் குந்தினார்.

"நேத்து பூசைக்கு யார் யார் வந்தது? நீங்க வந்தீங்க. டேவிட்டு வந்தாரு."

"நான் பொரி வாங்கிக்கிட்டுப் போயிட்டேன்."

"ரெண்டு பேருல ஒருத்தரு."

"என்னையா சொல்றீங்க?"

"நீங்க பீப்பாய சாய்க்கிற ஆளா சார்? பேனா தூக்கவே உங்களுக்கு ரெண்டு கை வேணும்."

மிச்சம் இருந்தது டேவிட். எங்கள் அச்சகத்தின் முதல் மெக்கானிக். இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே. ரிச்சர்ட்ஸ் டவுனில் அவர் அப்பா காலத்து வீட்டில் குடியிருந்தார். அடுத்த அறையில் உட்கார்ந்தபடியே மிஷினில் எந்த உருளை எண்ணெய் இல்லாமல் ஓடுகிறது என்று சொல்வார். யாரைப் பற்றியும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. கத்திரிக்கோலுக்கான எஃகைக் கொண்டுவந்து கொடுத்தவரும் அவர்தான். காகிதம் வெட்டும் மிஷினின் தேய்ந்துபோன பழைய கத்தி.

"எழுதுங்க சார்" என்றார் ஏழுமலை. "தினம் எழுதுறீங்களே, இத எழுதுங்க. டேவிட்டு எண்ணெய எடுத்துட்டு தண்ணி ஊத்திட்டாரு."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல."

"அப்ப, 'ஏழுமலை சொல்கிறார்'னுதான் எழுதுவேன்."

"எப்டி வேணா எழுதுங்க. மேனேஜருக்குத் தெரியணும்."

நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் எழுதினேன். விரிசலின் நீளம், நேரம், அவர் சொன்ன வாக்கியம். எழுதும்போது அதைப் பாதி நம்பவும் செய்தேன். இரண்டு காரணம். ஒன்று, அச்சகத்துக்கு இரண்டாவது மெக்கானிக் தேவையில்லை என்று டேவிட் மேனேஜரிடம் சொன்னதை அவர் அறைத் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டிருந்தேன். இரண்டு, முந்தின நாள் மாலை டேவிட் அந்தப் பீப்பாய்க்குள் ஆட்காட்டி விரலை விட்டு, எடுத்து, மூக்குக்கு அருகே கொண்டுபோனதைப் பார்த்திருந்தேன். பிறகு கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு பொரியை வாங்கிக்கொண்டார்.

குடத்தோடு வந்த பதில்

ஆறு நாற்பதுக்குப் பச்சையம்மாள் தெருக்குழாயிலிருந்து திரும்பினாள். ஏழுமலையின் மனைவி. பட்டறையில் பெரிய சம்மட்டி அடிப்பவள் அவள்தான். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம்.

"என்னாத்துக்கு ரெண்டு பேரும் எழவு வீட்டுல குந்துன மாதிரி குந்தியிருக்கீங்க?"

"எண்ணெய எவனோ எடுத்துட்டான்" என்றார் ஏழுமலை.

"எவனோ இல்ல. நாந்தான்."

குடங்களை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள். "வருசா வருசம் பீப்பாய கழுவி, தண்ணி நெரப்பி, பொட்டு வச்சுத்தானே கும்புடுறோம்? இந்த வருசம் மட்டும் லாரி எண்ணெயோட கும்புடச் சொல்றியா? எண்ணெ டின்னுல இருக்குது, கட்டிலுக்கடியில. சொன்னேனே, தலையாட்டுனியே."

"எப்ப சொன்ன?"

"சந்தனம் கொழைக்கறப்ப. சரி, நான் சொன்னத உடு. அதுல எலுமிச்சம்பழம் போட்டது யாரு?"

ஏழுமலை பீப்பாயைப் பார்த்தார்.

"எண்ணெயில எவனாச்சும் எலுமிச்சம்பழம் போடுவானாய்யா? ஊறுகாயா போடுறோம்?"

நான் விரித்திருந்த நோட்டின் இடது பக்கத்தைப் பார்த்தேன். நாற்பத்திரண்டு. 'மாலை 5.40. உலை, பட்டடை, பீப்பாய், சம்மட்டிகளுக்குப் பொட்டு. ஏழுமலை பீப்பாயில் எலுமிச்சம்பழம் மிதக்கவிட்டார்.' என் கையெழுத்து. அதைப் படித்துக் காட்டவில்லை.

அந்தப் பீப்பாயில் எத்தனையோ வருடமாகத் தண்ணீர்தான். எண்ணெய் வந்தது இந்த ஒரு கத்திரிக்கோலுக்காக, பத்து நாளுக்கு முன்பு. பூசையின்போது கை பழைய வழக்கத்துக்குப் போயிருக்கிறது. காலையில் புது வழக்கத்துக்கு வந்திருக்கிறது. நடுவில் ஓர் இரவு தூங்கியிருக்கிறார்.

ஏழுமலை எலுமிச்சம்பழத்தை எடுத்து, துண்டில் துடைத்து, துருத்தியின் மேல் வைத்தார்.

"சார், டேவிட்டு பேரு எழுதுன பக்கத்த கிழிச்சிடுங்க."

"கிழிக்கக் கூடாது. அடிச்சு வேணா எழுதலாம்."

"அடிச்சா படிக்க முடியாதா?"

"முடியும்."

"அப்ப என்னாத்துக்கு?" என்றாள் பச்சையம்மாள்.

விரிசலை ஒட்ட முடியாது. இடது பாதியைப் புதிதாக அடித்தாக வேண்டும். அதே ரக எஃகு வேண்டும். பட்டறையில் துண்டு மிச்சமில்லை. கேட்கக்கூடிய ஒரே ஆள் டேவிட். ஏழுமலை அதைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் சைக்கிளை எடுத்தேன்.

ரிச்சர்ட்ஸ் டவுன், ஏழரை

டேவிட் பனியனோடு, வாசல் கேட்டின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிரவில்லை.

"என்ன தம்பி, லீவு நாள்ல?"

"கட்டிங் மிஷின் பழைய கத்தி இன்னும் ஏதாவது துண்டு இருக்கா?"

"வெடிச்சிடுச்சா?"

நான் அதைச் சொல்லவே இல்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து வெரல விட்டுப் பாத்தேன். தண்ணி. பூசைக்குன்னு வச்சிருப்பான், காலைல மாத்திடுவான்னு நெனச்சேன்."

"சொல்லியிருக்கலாமே?"

"ஒரு கொல்லன்கிட்ட, அவன் பட்டறையில நின்னுகிட்டு, எண்ணெ வேற தண்ணி வேறன்னு நான் சொல்லணுமா?" எண்ணெய்க் குப்பியை மூடினார். "என் பேரு நோட்டுல ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு."

"எத்தனையாவது பக்கம்?"

"நாப்பத்தி மூணு."

"சேஷாத்ரி எண்ணிப் பாப்பாரே" என்றார்.

உள்ளே போனார். அச்சகத்துச் சாவியை எடுத்துவரப் போகிறார் என்று நினைத்தேன். சாக்கில் சுற்றிய ஒரு துண்டோடு வந்தார். அதே கத்தியின் மறுபாதி. அச்சகத்தின் உடைமை அவர் வீட்டில் இருந்திருக்கிறது.

"ஒரு துண்டு கைவசம் இருக்கட்டும்னு வச்சிருந்தேன்" என்றார். "இதையும் எழுதுவீங்களா?"

"பாத்ததை எழுதணும்."

"எழுதுங்க. எழுதிட்டு சைக்கிள எடுங்க, நேரமாகுது."

கேட்டுத் தூணில் நோட்டை வைத்து எழுதினேன். நாற்பத்து நான்காம் பக்கம். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். உதவிக்கு வருகிறாரா, தோற்பதைப் பார்க்க வருகிறாரா என்று வழி முழுக்க யோசித்தேன். அவர் மணியடித்ததைத் தவிர வேறு சத்தம் எழுப்பவில்லை.

உரசிப் பார்த்தல்

ஏழுமலை துண்டைக் கையில் வாங்கவில்லை. பட்டடை மேல் வைக்கச் சொல்லி, அரத்தை எடுத்து விளிம்பில் ஓர் இழுப்பு இழுத்தார். குனிந்து பார்த்தார். மறுபடி இழுத்தார்.

"உரசு, நல்லா உரசு" என்றார் டேவிட். "தகர டப்பாவா இருக்கப்போவுது."

"உங்க மேல சந்தேகம் இல்லண்ணே. இரும்பு மேலதான்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

எட்டு ஐம்பதுக்கு முதல் சூடு. ஏழுமலை சின்னச் சுத்தியால் ஓர் இடத்தைத் தட்டிக் காட்டுவார்; அதே இடத்தில் பச்சையம்மாளின் சம்மட்டி விழும். தட்டு, அடி. தட்டு, அடி. ஒரு முறை மட்டும் அடி அரை அங்குலம் தள்ளி விழுந்தது. "கோவத்த இரும்பு மேல காட்டாத" என்றார் அவர். "அப்ப உம்மேல காட்டட்டா?" என்றாள்.

பத்தரைக்கு அலகு தெரிந்தது. கழுத்தை நீட்டி, பட்டடையின் கொம்பில் வளைத்து வளையமாக்க இன்னும் ஒரு மணி நேரம். ஏழுமலை ஒவ்வொரு சூட்டுக்கும் வலது பாதியைப் பக்கத்தில் வைத்து அளந்தார். வலது பாதியை அடிக்க அவருக்கு நான்கு நாள் பிடித்தது.

பிறகு அரம். ஏழுமலை வெட்டும் விளிம்பில் வேலை செய்துகொண்டிருந்தபோது டேவிட் சிறகுப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு தன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அரத்தை எடுத்தார். யாரும் கேட்கவில்லை. ஒரே துண்டின் இரண்டு முனையிலும் இருவரும் அரை மணி நேரம் அராவினார்கள். தலையில் கண் குத்தியதும் டேவிட்தான். ஏழுமலை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி விளிம்புக்குக் குனிந்தார்.

ஒன்று இருபது. எண்ணெய் டின் கட்டிலுக்கடியிலிருந்து வந்தது. பீப்பாயைக் கவிழ்த்து, துடைத்து, அடுப்பருகே காயவைத்து, எண்ணெயை ஊற்றினார்கள். ஏழுமலை விரலை விட்டுப் பார்த்தார். டேவிட் விட்டுப் பார்த்து முகர்ந்தார். பச்சையம்மாள் விட்டுப் பார்த்தாள்.

"சார், நீங்களும்" என்றார் ஏழுமலை.

நானும் விட்டேன். எண்ணெய்தான்.

கோவைப்பழச் சிவப்பு வந்தது. இறக்கினார். புகை. லாரி ஷெட் வாசனை. நான்கு பேரும் ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தோம். அது வரவில்லை. அவர் ஜன்னலுக்குக் கொண்டுபோய், துடைத்து, முதுகை, துளையை, விளிம்பைப் பார்த்து, டேவிட்டிடம் நீட்டினார். டேவிட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதே மூன்று இடங்களையும் பார்த்தார்.

சுடுமணலில் வைத்து வைக்கோல் நிறம் வரும்வரை பதப்படுத்தி, இரண்டு பாதிகளையும் சேர்த்து ஆணி அடித்து முடித்தபோது மூன்று மணி ஐந்து நிமிடம். பச்சையம்மாள் ஒரு பழைய வேட்டித் துண்டை இழுத்துப் பிடித்தாள். ஏழுமலை வெட்டினார். மூடியதும் இரண்டு தலைகளும் முதுகோடு முதுகு ஒட்டின.

"பக்கா" என்றாள் அவள்.

நாலரை மணி

மந்திரி பதினைந்து நிமிடம் தாமதம். சிவப்புப் பட்டு ரிப்பன் ஒரே வெட்டில் இரண்டாக விழுந்தது. கைதட்டல். மந்திரி கத்திரிக்கோலை மூடி, திறந்து, மறுபடி மூடி, நன்றாக இருக்கிறது என்பதைக் கன்னடத்தில் "சென்னாகிதே" என்றார். ஏழுமலை கூட்டத்தின் கடைசியில் வெள்ளைச் சட்டையோடு நின்றார். அவருக்கு இரண்டு கெஜம் தள்ளி டேவிட்.

எல்லோரும் ஜிலேபி சாப்பிடப் போனபின் சேஷாத்ரி கத்திரிக்கோலை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கண்ணு உருண்டை. இந்தக் கண்ணு கொஞ்சம் நீளம்" என்றார்.

கத்திரிக்கோலை ஒருமுறை மூடிப் பார்த்தார்.

"ரெண்டு கை வேலை மாதிரி தெரியறதே?"

"ரெண்டு தலை சார்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தூரத்தில் நின்ற இருவரையும் பார்த்தார். கத்திரிக்கோலை வெல்வெட் பெட்டியில் வைத்து மூடினார். "நாளைக்குக் காலம்பற நோட்டைக் கொண்டு வா. கொத்தாயித்தா?"

மறுநாள் காலை, நோட்டு தொலைந்துவிட்டது என்றேன். அதை எழுத்தில் கேட்டார், எழுதிக் கொடுத்தேன். படித்து, தேதி போட்டு, கோப்பில் வைத்தார். அதன்பின் அவர் எனக்கு நோட்டுத் தரும்போதெல்லாம் பக்கங்களை என் முன்னாலேயே ஒருமுறை எண்ணிக் காட்டிவிட்டுத்தான் தந்தார்.

அடுத்த மாதம் முதல் தேதி ஏழுமலை இரண்டாவது மெக்கானிக்காகச் சேர்ந்தார். முதல் நாளே தன் கருவிப் பெட்டிக்குப் பூட்டு வாங்கிப் போட்டார். டேவிட்டின் பெட்டி அதுவரை பூட்டியதில்லை. அன்று மாலை அவரும் ஒரு பூட்டுப் போட்டார்.

நோட்டு, இதை எழுதும் மேசையின் மேல் இருக்கிறது. சேஷாத்ரியின் சிவப்பு மை இன்னும் மங்கவில்லை. நாற்பத்திரண்டாம் பக்கத்தில் எலுமிச்சம்பழம். அதற்கு அடுத்த பக்கம் நாற்பத்தைந்து.